இரும்புத் திருடனுக்கு ஒரு தடுப்பூசி

நீர்க்கடுப்புன்னா நம்ம ஊர்ல முதல் வைத்தியம், "உடம்புச் சூடு, மோர் குடி." ரெண்டாவது, மெடிக்கல் ஷாப்ல நாமளே ஆன்ட்டிபயாட்டிக் வாங்கி, ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்துறது. டாக்டர் மூணாவதுதான். வெட்கம்! பெண்கள்ல ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வர்ற சிறுநீர்ப் பாதைத் தொற்றை ‘சின்ன வியாதி’ன்னு ஒதுக்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அது கிட்னிக்கு ஏறும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுற காலத்துல மாத்திரையை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. தடுப்பூசி வேணும்.

ஏன் இன்னும் பரவலா வரல? மெடிக்கல் காலேஜ் சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. எதைக் குறிவைக்கிறதுங்கிற டிசைன் சிக்கல் இது.

பெரும்பாலும் குற்றவாளி ஈ.கோலை பாக்டீரியா. ஆனா அதோட சாதுவான சொந்தக்காரங்க நம்ம குடல்லயே குடியிருக்காங்க. சாதுவை விட்டுட்டு ரவுடியை மட்டும் பிடிக்கணும். முதல்ல பலரோட கண்ணு போனது ஃபிம்ஹெச் புரதத்து மேல. சிறுநீர்ப்பைச் சுவர்ல ஒட்டிக்க பாக்டீரியா நீட்டுற இழையோட நுனிக் கொக்கி அது. கொக்கியை மறைச்சா ஒட்ட முடியாது. நல்ல யோசனைதான். ஆனா அந்த இழைக்கான ஜீன்களுக்கு முன்னாடி ஒரு டிஎன்ஏ துண்டு ஸ்விட்ச் மாதிரி இருக்கு. இப்படித் திரும்பினா ஆன், அப்படித் திரும்பினா ஆஃப்.

ஆஃப் பண்ணவே முடியாதது பசி. சிறுநீர்ப் பாதையில இரும்புச்சத்து கிடைக்கிறது அரிது. அதனால பாக்டீரியா சைடரோஃபோர்ங்கிற மூலக்கூறை வெளியே அனுப்பி, இரும்பைக் கவ்வ வெச்சு, தன் வெளிச்சவ்வுல இருக்கிற ‘வாசல்’ புரதங்கள் வழியா உள்ளே இழுத்துக்கும். நம்ம உடம்பும் சும்மா இல்ல. லிப்போகாலின்-2 புரதத்தை விட்டு சைடரோஃபோரையே அமுக்கும். பாக்டீரியா அதுக்கும் மேல: சைடரோஃபோர்ல சர்க்கரையை ஒட்டி, பிடிபடாம அனுப்பும். கில்லாடி!

மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஹாரி மோப்லி குழு இந்த வாசல்களைத்தான் குறிவெச்சாங்க. ஒரு நோயாளிகிட்ட இருந்து எடுத்த சிஎஃப்டி073 ரகத்தோட 5,379 புரதங்களைப் பல கட்டமா சலிச்சு, ஆறு இரும்பு வாசல்களைத் தேர்ந்தெடுத்து, எலிகளுக்கு மூக்கு வழியா கொடுத்தாங்க. மூணு பாதுகாப்பு தந்துச்சு: ஹெச்எம்ஏ, ஐஆர்இஏ, ஐயூடிஏ. முடிவு வெளியானது 2009ல.

எலி மனுஷன் இல்லதான். ஒரு வாசலை அடைச்சா இன்னொரு வாசல் இருக்கு, அதனால சேர்த்து அடைக்கணும். சரி, மத்த வழி எப்படிப் போச்சு? வயசானவங்களுக்கு ஈ.கோலை ரத்தத்துல பரவாம தடுக்க ஜான்சன் நிறுவனம் பண்ணின தடுப்பூசி, பாக்டீரியா மேலுறையோட ஒன்பது வகைச் சர்க்கரைகளைக் குறிவெச்சது. போதுமான பலன் இல்லன்னு அந்தப் பெரிய சோதனையை 2024ல நிறுத்திட்டாங்க. அது வேற நோய் இலக்கு, நேரா ஒப்பிட முடியாது. ஆனா ரகத்துக்கு ரகம் மாறுற சட்டையைத் துரத்துறதைவிட, மாறாத பசியைத் துரத்துற பக்கம் பணம் போகணும்னுதான் நான் சொல்வேன்.

மினி ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற பயோடெக், கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, சிஎஃப்டி073 ஜீனோம் 2002லயே வெளியாகி இலவசமா கிடைக்குது. ஐயூடிஏ ஜீனை எடுத்து, எத்தனை ஈ.கோலை ரகங்கள்ல இருக்குன்னு பிளாஸ்ட்ல ஓட்டிப் பாருங்க. ஒரு லேப்டாப் போதும்.