வினாத்தாள் யாருடையது?

கவிதையை நீட்டினால் 'இதில் அறம் எங்கே?' என்று கேட்கிற நண்பர்கள் பெருகிவிட்டார்கள். கேள்வி குறளிலிருந்து வந்ததாக அவர்கள் நம்பிக்கை. குறளில் அறம் மூன்றில் ஒன்று. காமத்துப்பாலுக்கு அது பரீட்சை வைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒழுக்கத்தால் மட்டுமே அளக்கும் கோல் வேறு இடத்துச் சரக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லிபரல் புராட்டஸ்டண்டுகள் அற்புதங்களை உதறினார்கள், சபையின் சித்தாந்தங்களை உதறினார்கள். துணிச்சல்தான். ஆனால் மிஞ்சியது ஒழுக்கம். ரிட்ஷலுக்கு தேவராஜ்யம் என்பது அன்பினால் இயங்கும் சமூகம். அதில் அவரவர் தொழிலை ஒழுங்காகச் செய்வதே பக்தி. ஹார்னாக் 1899-1900 குளிர்காலத்தில் பெர்லினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கிறிஸ்துவத்தின் சாரம் மூன்று தலைப்புகளில் அடங்கிவிட்டது. உலகம் முடியப்போகிறது என்று நம்பிய நாசரேத்துக்காரரை இவர்கள் தங்களைப் போன்ற கனவானாக மாற்றிவிட்டார்கள் என்பதை 1906இல் ஷ்வைட்சர் அம்பலப்படுத்தினார். 1914 அக்டோபரில் ஜெர்மனியின் யுத்தத்தை நியாயப்படுத்தி 93 அறிவாளிகள் கையெழுத்திட்டார்கள். ஹார்னாக்கும் அதில் ஒருவர். மாணவர் கார்ல் பார்த் ஆசான்களை விட்டு விலக அந்தக் கையெழுத்துகளும் காரணம்.

இந்தக் கோல் நமக்குப் பாரிமுனையில் கிடைத்தது. 1937இல் தாம்பரம் போகும்வரை கிறிஸ்துவக் கல்லூரி அங்கேதான் இருந்தது. 1903இல் அங்கு தத்துவம் கற்பிக்க வந்த ஏ. ஜி. ஹாக், ரிட்ஷலின் பாதிப்புக்கு ஆளானவர். கர்மத்தையும் மீட்பையும் பற்றிய அவர் நூல் (1909) கர்மத்தைக் கேலி செய்யாத, நேர்மையான நூல். அவர் மாணவர் ராதாகிருஷ்ணன் 1908இல் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமுண்டு என்று வாதாடியது. இடமில்லை என்பது பாதிரிமார்களின் புகார். புகாருக்குப் பதில் வந்தது. கோலை யாரும் தொடவில்லை. 1935இல் அதே ஷ்வைட்சர் இந்தியச் சிந்தனை உலகை மறுப்பது என்று எழுதினார். 1939இல் ராதாகிருஷ்ணன் மறுபடியும் பதில் எழுதினார். நாம் பாஸாகிவிட்டோம் என்று சந்தோஷம். வினாத்தாள் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் பாங்குக் குமாஸ்தா. பற்றும் வரவும் சரியாக இருக்கவேண்டிய இடம் எது என்று தெரியும். கவிதை அந்த இடமல்ல. டோல்கேட்டிலிருந்து கொஞ்சதூரம் போனால் திருவொற்றியூர்க் கடலோரம் பட்டினத்தார் சமாதி. வியாபாரக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவர் என்பது ஐதீகம். அவர் பாட்டைக்கொண்டு நல்ல குடிமகனைத் தயாரிக்க முடியாது. பெண்ணுடலைப் பற்றி அவர் சொன்னதை எந்த ஒழுக்கவியலும் ஏற்காது, நானும் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த வரிகள் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஏன் என்று சொல்வதுதான் விமர்சகன் வேலை. அறம் கேட்கும் நண்பர்கள் அதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்கிறார்கள். மார்க் போடுவது சுலபம்.