பிரேக் லைட்டு பின்னால வர்றவனுக்குங்க



கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சு. எங்க பக்கம் கீழ்பவானி வாய்க்கால் ரோட்டுல பொழுது சாஞ்சா ஆலைக்குப் போற லோடு வரிசையா நகருது. அதுல பிரேக் லைட்டு ஒழுங்கா எரியற டிரெய்லரை விரல் விட்டு எண்ணிடலாம். வண்டிக்குப் பத்து வயசு தாண்டிடுச்சுன்னா அந்த லைட்டுன்னு ஒண்ணு இருந்ததே மறந்து போகுது.

ஒரு டிரைவர் பையனை நிறுத்திக் கேட்டேன். "ஏன் மாப்ள, பின்னாடி லைட்டே எரியலையே?"

"முன்னாடி நல்லா எரியுதுங்க மாமா" அப்படின்னான்.

அவன் கிண்டலுக்குச் சொல்லலைங்க. நெசமாவே அப்படித்தான் நினைக்கறான். நாமளும் அப்படித்தான் நினைக்கறோம். ஹெட்லைட்டு போச்சுன்னா அன்னைக்கே ஒயரிங்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவோம், ஏன்னா நமக்கு ரோடு தெரியாது. ஹாரன் அடிக்கலைன்னா கோவம் வருது. பிரேக் லைட்டு மட்டும் ஓட்டறவன் கண்ணுக்குப் படாத லைட்டு. போனா நமக்கு ஒண்ணும் கொறையறதில்லை. அதனாலதான் வருஷக் கணக்குல அப்படியே கெடக்குது.

போன மார்கழியில எங்க பங்காளி மகன் வேலை முடிச்சு பைக்ல வந்துட்டு இருந்தான். முன்னால போன கரும்பு லோடு வாய்க்கால் பாலத்துக்கிட்ட திரும்பறதுக்காக நின்னுச்சு. நின்னது அவனுக்குத் தெரியலை. உயிர் தப்பிடுச்சு. தொடையில பிளேட்டு வெச்சிருக்காங்க, இன்னைக்கும் வரப்புல நடக்கறப்ப ஒரு காலை இழுத்துத்தான் நடக்கறான். டிரெய்லர்காரரும் நம்ம ஊருதான். ஆஸ்பத்திரி செலவுல பாதியை அவரே கொடுத்தாரு, நல்ல மனுஷன்.

மறுநாள் நானும் எங்க ஊர் ஒயரிங்காரரும் அந்த டிரெய்லரைப் பாத்தோம். இடது பக்க லைட்டு நொறுங்கிப் போச்சு. வலது பக்கம் முழுசா இருந்துச்சு, பல்பும் நல்ல பல்பு. கரண்டும் ஹோல்டர் வரைக்கும் வந்துச்சு. எர்த் ஒயரை முடுக்கியிருந்த நட்டுலதான் பச்சைக் களிம்பு ஏறிக் கெடந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, நட்டை இறுக்குனதும் பளிச்சுன்னு எரிஞ்சுது. பத்து நிமிஷ வேலைங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பையனோட காலு விலையாப் போச்சு.

கணக்குப் போட்டுப் பாக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பைக் ஒரு செகண்டுக்கு 16, 17 மீட்டர் ஓடுது. தெருவிளக்கு இல்லாத ரோட்டுல, டிம் லைட்டுல, கறுப்பா நிக்கற கரும்பு லோடு 30 மீட்டர்ல தெரியுதுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு செகண்டுகூட இல்லை. "வண்டி நிக்குது"ன்னு மூளைக்கு உறைச்சு, காலு பிரேக்குக்குப் போறதுக்கே ஒண்ணு, ஒண்ணரை செகண்டு ஆயிடும். அப்புறம் பிரேக் புடிச்சு என்ன ஆகப்போகுது?

"ரெஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோமே" அப்படிம்பாங்க. ஒட்டணும், நல்லதுதான். ஆனா ஸ்டிக்கர் "இங்க ஒரு வண்டி இருக்கு"ன்னுதான் சொல்லும். அது ஓடுதா, நிக்கப்போகுதான்னு சொல்லாது. அதைச் சொல்றது பிரேக் லைட்டு ஒண்ணுதான். பத்தாததுக்கு கரும்புத் தோகை பின்னால தொங்கி ஸ்டிக்கரையும் லைட்டையும் சேர்த்து மூடிடுது.

சரி, ஏன் ரிப்பேர் பண்றதில்லைன்னு கேட்டா, "பல்பு மாத்துனேன், மறுபடியும் எரியலை, விட்டுட்டேன்" அப்படிங்கறாங்க. இங்கதான் எனக்கு வருத்தம். மோட்டார் ஓடலைன்னா ஃபியூஸ், ஸ்டார்ட்டர், ஒயருன்னு ஒவ்வொண்ணா நாமளே பாக்கறோம். அதே மூளைதான் இதுக்கும் வேணும். பேட்டரியில கிளம்பற கரண்டு ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், பல்புன்னு போயி எர்த் வழியாத் திரும்பி வரணும். வாய்க்காத் தண்ணி மாதிரி, எங்க அடைச்சிருக்குன்னு மடை மடையாப் பாத்துட்டுப் போனாப் போதும்.

மொதல்ல பின்னால ஒருத்தரை நிக்க வெச்சு பெடலை மிதிங்க. டிராக்டர்ல ரெண்டு பிரேக் பெடல் இருக்கு. ரோட்டுல போறப்ப ரெண்டையும் சேர்த்து லாக் போட்டுத்தான் ஓட்டணும். எங்க வண்டியில சுவிட்ச் ஒரு பெடல்ல மட்டும்தான் இருக்கு. லாக் போடாம இன்னொண்ணை மிதிச்சா லைட்டு எப்படி எரியும்?

ஒரு பக்கம் மட்டும் எரியலைன்னா பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பல்பு, இல்லைன்னா அந்தப் பக்கத்து எர்த். ரெண்டு பக்கமும் எரியலைன்னா ஃபியூஸ், சுவிட்ச், இல்லைன்னா பொது ஒயரு. டிரெய்லரா இருந்தா மாட்டற சாக்கெட்டையும் சேர்த்துக்குங்க.

ஒரே பல்புல ராத்திரி லைட்டும் பிரேக் லைட்டும் இருந்தா அதுக்குள்ள ரெண்டு இழை இருக்கும். 5 வாட் ராத்திரி லைட்டு, 21 வாட் பிரேக்கு. பல்போட ரெண்டு பின்னும் மேலயும் கீழயுமா வெச்சிருக்கறதே தப்பா மாட்டக்கூடாதுன்னுதான். அதை ராவிட்டுத் திருப்பி மாட்டினா, ராத்திரி பூரா பிரேக் புடிச்ச மாதிரி எரியும், நெசமாவே பிரேக் மிதிக்கறப்ப பின்னால வர்றவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இது எரியாம இருக்கறதைவிட மோசம்.

பல்பு நல்லா இருந்தும் எரியலைன்னா டெஸ்ட் லேம்ப் எடுங்க. ஒரு 12 வோல்ட் பல்பு, ரெண்டு நீள ஒயரு, அவ்வளவுதான். ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வெச்சு, சாவியைப் போட்டு ஒருத்தர் பிரேக்கை மிதிக்க, இன்னொரு முனையை ஹோல்டருக்குள்ள இருக்கற பிரேக் முனையில தொடுங்க. எரிஞ்சா கரண்டு வருது, குத்தம் எர்த்துல. ஹோல்டர் பாடியில இருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு தனி ஒயரு புடிச்சுப் பாருங்க. பல்பு எரிஞ்சுதுன்னா சந்தேகமே வேண்டாம்.

எரியலைன்னா சுவிட்சுக்குப் போங்க. அதுல இருக்கற ரெண்டு ஒயரையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாருங்க. லைட்டு வந்தா சுவிட்ச் செத்துப் போச்சு. வரலைன்னா ஃபியூஸையும், நடுவுல எலி கடிச்ச இடத்தையும் தேடுங்க. வைக்கப்போர் பக்கத்துல நிறுத்தற வண்டியில எலி கடிக்காத ஒயரு ஏதுங்க?

மீட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாதி அரிச்சுப் போன ஒயருலயும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏன்னா அது கரண்டையே இழுக்கறதில்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் இழுக்கும், அப்பத்தான் ஒயரோட வண்டவாளம் தெரியும். பிரேக் மிதிச்சா ராத்திரி லைட்டு மங்குது, இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து துடிக்குதுன்னா முக்கால்வாசி எர்த் கோளாறுதான்.

நம்ம வண்டிகளுக்கு எர்த் கெட்டுப் போறதுல ஆச்சரியமே இல்லை. தொளி அடிக்கறப்ப சேத்துத் தண்ணி, அடுத்த நாள் யூரியா மூட்டை, அதுக்கடுத்த நாள் சாணிக் குப்பை. இரும்பு என்ன பண்ணும்? நெறைய டிரெய்லருக்கு எர்த் ஒயரே கெடையாது. டிராக்டர்ல மாட்டற கொக்கியும் பின்னும்தான் எர்த். அதுல துருவும் கிரீஸும் மண்ணும் இருக்கு. குலுங்கறப்ப ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது. தனியா ஒரு எர்த் ஒயரு சாக்கெட் வழியாக் கொண்டு போயிட்டா பாதித் தொல்லை தீந்துடும்.

ரெண்டு விசயத்துல கறாரா இருங்க. ஃபியூஸ் போச்சுன்னா சிகரெட் பேப்பரோ செம்புக் கம்பியோ சுத்தாதீங்க. கோளாறு எங்கயோ இருக்குன்னுதான் அது எரிஞ்சுது. கம்பி சுத்துனா அடுத்து எரியறது ஒயரு, அப்புறம் சோளத்தட்டு லோடு. ரெண்டாவது, எல்.இ.டி மாத்திட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு நம்பாதீங்க. எல்.இ.டி நல்லதுதான், மிதிச்சதும் சட்டுன்னு எரியும், குலுக்கலுக்கும் தாங்கும். ஆனா அதுக்கும் எர்த் வேணும்.

எங்க அப்பாரு காலத்துல மாட்டு வண்டி அச்சுக்கடியில அரிக்கேன் லாந்தர் தொங்கும். அந்த வெளிச்சத்துல வண்டிக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. மாட்டுக்கு வழி தானாத் தெரியும், அவரு தூங்கிட்டே வருவாரு. எதிர்ல வர்றவனும் பின்னால வர்றவனும் பாக்கட்டும்னுதான் மண்ணெண்ணெய் செலவு பண்ணுனாங்க. 45 குதிரை சக்தி வண்டி வெச்சிருக்கற நமக்கு ஒரு பல்புக் காசு பாரமா?

ஆலைக்காரங்களையும் ஒண்ணு கேக்கறேன். லோடு உள்ள வந்ததும் எடை போடறீங்க, தோகைக்கும் வேருக்கும் கழிவு புடிக்கறீங்க, அதையெல்லாம் பாக்க ஆள் இருக்கு. எடைமேடையில நிக்கறப்ப "பிரேக்கை மிதிப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எரியலைன்னா அபராதம் வேண்டாம். எடை போட்டுட்டு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஒயரிங்காரரை உக்கார வெச்சு அங்கயே சரி பண்ணி அனுப்புங்க. ராத்திரி ரோட்டுல பாதி வண்டி உங்க கரும்பைச் சுமந்துட்டுத்தான் போகுது.

நம்ம பங்குக்கு ஒரு பழக்கம் போதும். லோடு ஏத்தி கயிறு கட்டி முடிச்சதும், கட்டுன ஆளே பின்னால ரெண்டு நிமிஷம் நிக்கட்டும். தோகை மூடியிருந்தா அறுத்து விடட்டும். டிரைவர் பிரேக்கை மிதிக்கட்டும். ரெண்டு பக்கமும் செவப்பு எரிஞ்சா "போலாம்"னு சொல்லட்டும், எரியலைன்னா வண்டி நகரக் கூடாது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கறப்பவும் இதே மாதிரி ஒருக்கா மிதிச்சுப் பாருங்க. பூஜை அப்புறம் நடக்கட்டுங்க.