சர்வீஸ் இருக்குதுங்களா?

மாப்பிள்ளை வீடு பார்க்க வர்றவங்க எங்க பக்கம் கேக்கற முதல் கேள்வி, எத்தனை ஏக்கரான்னு. ரெண்டாவது, "சர்வீஸ் இருக்குதுங்களா?"

இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை நாம எதுக்கெல்லாம் வெச்சிருக்கோம் பாருங்க. டவுன் பஸ் காலையில முதல் சர்வீஸ் போயிட்டா அடுத்தது பத்து மணிக்குத்தான். வண்டியை சர்வீஸ் விடறோம். ரிட்டயர்டு வாத்தியார் 34 வருஷம் சர்வீஸ்னு சொல்லுவார். நாலுவழிச் சாலைக்கு நிலத்தைக் கொடுத்தவன், தன் காட்டுக்கே சுத்திப் போற ரோட்டுக்கும் சர்வீஸ் ரோடுன்னுதான் பேரு!

ஆனா விவசாயிக்கு சர்வீஸ்னா கிணத்து மோட்டாருக்கான கரண்ட் இணைப்பு. அது ஒரு சொத்து. கிரயப் பத்திரத்துல கிணறு, தென்னை மரத்தோட சர்வீஸ் நம்பரும் ஏறும். பாகம் பிரிக்கறப்ப அண்ணன் தம்பி நிலத்தைக் கயிறு போட்டு அளந்து பிரிச்சுக்குவாங்க. சர்வீஸை அளக்க முடியாது. இன்னைக்கு உனக்கு, நாளைக்கு எனக்குன்னு முறை வெக்கணும். அந்த முறையில பேச்சு நின்னுபோன குடும்பங்க எங்க ஊர்லயே உண்டு.

டிவி விவாதத்துல இதைத்தான் 'இலவசம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. எனக்கு அது ஒப்பலைங்க. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970ல பெருமாநல்லூர்ல 3 விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. 1972ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோவை ரோடெல்லாம் மாட்டு வண்டியா நின்னுச்சு. எல்லா விவசாயிக்கும் கட்டணமில்லாம ஆனது 1990லதான். அதுவும் சர்வீஸ் கிடைச்சவங்களுக்கு. 2021ல 1 லட்சம் புது சர்வீஸ் அறிவிச்சப்பவே, 4 லட்சத்துக்கும் மேல மனு காத்துக்கிடந்துச்சு. காத்திருக்க முடியாதவங்க தட்கல்ல, 5 எச்பி மோட்டாருக்கு 2.5 லட்சம் கட்டி வாங்கினாங்க. இதுல இலவசம் எங்கிருக்கு?

இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு ஊழியம்னுதான் அர்த்தம். செய்யறவங்களுக்குத்தான் கடமை. இங்க நடு ராத்திரி மும்முனை கரண்டுக்கு டார்ச்சோட வரப்புல நடக்கறது நாம. டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போனா, ஏத்தி இறக்க வண்டி வாடகையைத் தோட்டத்துக்கு இவ்வளவுன்னு வசூல் பண்றதும் நாம. இப்ப யாரு யாருக்கு சர்வீஸ் பண்றாங்கன்னு நீங்களே சொல்லுங்க.