கூட்டப்படும் நாட்களும் கூடாத கற்றலும்

அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் கல்வியாண்டை நீட்டி, கோடை விடுமுறையிலிருந்து இருபது நாட்களை எடுத்து வகுப்பு நடத்தினால் குறை நீங்கிவிடும் என்னும் கருத்து பலராலும் முன்வைக்கப்படுகிறது. குழந்தைகள் மீதான அக்கறையிலிருந்தே இது எழுகிறது என்றாலும், பெருந்துறை வட்டாரத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளை மனத்தில் கொண்டு ஆராயும்போது இதன் கூற்றுகளுள் எதுவும் நிலைபெறுவதில்லை.

இப்பள்ளிகளில் வேலைநாட்கள் போதவில்லை என்பது முதற்கூற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 நாட்களையும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாட்களையும் குறைந்த அளவாக வகுத்துள்ளது; தமிழ்நாட்டில் 2024-25ஆம் கல்வியாண்டுக்கு முதலில் 220 நாட்கள் அறிவிக்கப்பட்டு, ஆசிரியர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் 210 ஆகக் குறைக்கப்பட்டன. மேல்வகுப்புகளுக்கு நேரும் பத்து நாள் குறைவு உட்பட, இந்த நாட்காட்டி எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பொதுவானது. நன்கு இயங்கும் பள்ளியும் அடுத்த ஊரில் தடுமாறும் பள்ளியும் ஒரே அளவு நாட்கள் நடைபெறும்போது, அவற்றிடையே உள்ள வேறுபாட்டுக்கு நாட்களைக் காரணமாகக் காட்ட இயலாது.

உண்மையில் குறைவது நாளன்று, கற்பிக்கும் நேரமே. அதாவது, ஆசிரியர் ஒரு வகுப்போடு நேரடியாகச் செலவிடும் நேரம். தோட்டத்துச் சாளைகளாகச் சிதறி வாழும் கொங்குச் சிற்றூர்களில் பள்ளிச் சேர்க்கை சிறிதாகவே இருக்கும். அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் இரண்டு ஆசிரியர்களையே விதிப்பதால், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். 210 நாட்களில் ஒரு வகுப்புக்குச் சராசரியாகக் கிடைப்பது 84 நாட்களுக்கு நிகரான நேரம். வகுப்புகளைச் சேர்த்து அமர்த்தினாலும் அந்நேரம் பகிரப்படுமேயன்றிப் பெருகாது. இருபது நாட்களைக் கூட்டினால் அதனோடு எட்டு நாட்கள் சேரும். ஒரு நாளையும் கூட்டாமல் மூன்றாவது ஆசிரியரை அமர்த்தினாலோ 42 நாட்கள் சேரும். இருவருள் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ செல்லும் நாட்களில் எஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் ஏற்க நேர்வதையும் இதனோடு கருத வேண்டும்.

நேரம் கூடினால் கற்றல் தானே கூடும் என்பது அடுத்த கூற்று. எல்லாக் கூற்றுகளிலும் இதுவே வலியது. இதைச் சோதித்துப் பார்க்க ஹரியானா ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. 2012-13இல் அம்மாநில அரசு, ஆய்வுக்கு உட்பட்ட பள்ளிகள் அனைத்திலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைக் கூட்டியது. ஆனால் அவற்றுள் ஒரு பகுதியில் மட்டுமே, பிரதம் அமைப்பின் முறைப்படி குழந்தைகள் வகுப்பு வாரியாக அன்றி வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்குரிய பாடம் கற்பிக்கப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்டோர் செய்த மதிப்பீட்டில், மணி நேரம் மட்டும் கூடிய பள்ளிகளைவிட, நேரத்தோடு முறையும் மாறிய பள்ளிகளின் குழந்தைகள் இந்தி வாசிப்பில் முன்னேறியிருந்தனர். நேரம் இரு சாராருக்கும் சமமாகக் கூடியிருந்ததால், இவ்வேறுபாட்டை விளைவித்தது முறையே என்பது தெளிவு. எழுத்துக் கூட்டத் தெரியாத நான்காம் வகுப்புக் குழந்தைக்கு நான்காம் வகுப்புப் பாடத்தையே மே மாதத்திலும் நடத்துவதால் அக்குழந்தை அடையப்போவது ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

இல்லம் தேடிக் கல்வி கூடுதல் நேரத்தால் அல்லவா வென்றது என்று கேட்கப்படலாம். பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டம் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வின்படி, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. ஆனால் அது பள்ளி நாட்காட்டியின் நீட்சியன்று; வீட்டருகே, மாலை வேளையில், ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற அளவில் நடந்த சிறுகுழுக் கற்பித்தல்.

காமராசர் காலத்தில் வேலைநாட்கள் 180இலிருந்து 200 ஆக உயர்த்தப்பட்டதை முன்னுதாரணமாகக் காட்டுவோரும் உண்டு. பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த அக்காலத்தில், மூடப்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டன, பள்ளியில்லாத ஊர்கள் பள்ளி பெற்றன, மதிய உணவு தொடங்கியது. இவற்றோடு சேர்ந்து வந்த அந்த இருபது நாட்களை மட்டும் பிரித்தெடுத்து அக்காலத்தின் கல்வி வளர்ச்சிக்குக் காரணமாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மேலும், அந்த உயர்வு எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக இருந்ததேயன்றி, பின்தங்கிய பள்ளிகளுக்கென்று தனியே விதிக்கப்படவில்லை.

இனி, எடுக்கப்போகும் நாட்கள் எத்தகையவை என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மே மாதத் தொடக்கத்தில் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரி செல்சியசைத் தாண்டியது. கோடை வெயிலால் பள்ளித் திறப்பு 2023இலும் 2024இலும் ஜூன் மாதத்திலேயே தள்ளிவைக்கப்பட்டது. அந்த மே மாதத்தில் பின்தங்கிய பள்ளியின் குழந்தையை மட்டும் வகுப்பில் அமர்த்தினால், அது தண்டனையாகவே அக்குழந்தையின் மனத்தில் பதியும். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோருடன் வந்து, தமிழ் அறியாமல் முதல் வகுப்பில் அமரும் குழந்தைக்கு, மே மாதத்தின் இருபது நாட்களைவிட, ஒடியாவோ இந்தியோ அறிந்த ஒருவர் ஜூன் மாதத்தின் முதல் நாளிலிருந்தே அருகில் இருப்பதுதான் தேவை.