ஓடும் ஆம்ப்பில் ஸ்பிரே அடிக்கச் சொல்பவருக்கு

சென்ற இதழில் காண்டாக்ட் கிளீனரை வியாபாரத் தந்திரம் என்று சாடி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான். கிட்டாரின் வால்யூம் பாட், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடை, கரகரத்தால், கதவுக் கீலுக்கு வாங்கி வைத்திருக்கும் டபிள்யூடி-40 போதும். சொட்டச் சொட்ட அடிக்கலாம். ஆம்ப்புக்கும் அதே டப்பாதான். சத்தம் நிற்கிறதா என்று காதால் கேட்டுக்கொண்டே அடிக்க, ஆம்ப் ஓடிக்கொண்டிருப்பது நல்லது. இருபது வருடமாக இந்தச் சாமான்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன் நான். இதில் ஒன்றுகூடத் தேறாது. கடைசியாகச் சொன்னது ஆளைக் கொல்லும்.

டபிள்யூடி-40 எதற்காகப் பிறந்தது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 1953-இல் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கியது அது. நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காக்க அதைப் பூசினார்கள். உலோகத்தின் மேல் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதே அதன் வேலை. வால்யூம் பாட்டுக்குள் நாம் விடக் கூடாததும் அதுதான். மின் தொடர்புகளுக்கென்று அதே நிறுவனம் தனியாக ஒரு காண்டாக்ட் கிளீனர் விற்கிறது. அதுவும் தந்திரம்தான் என்பார் கட்டுரையாளர். இரண்டையும் ஒரு கண்ணாடித் துண்டில் அடித்துவிட்டு மறுநாள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். எது பிசுக்கென்று நிற்கிறது என்று விரலே சொல்லும்.

"அடித்த உடனே கரகரப்பு நின்றது" என்று சாட்சி சொல்கிறார். நின்றிருக்கும், நான் மறுக்கவில்லை. அந்த டப்பாவில் பெரும்பங்கு பெட்ரோலியக் கரைப்பான். அழுக்கை இளக்கத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

நான் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி தன் கிட்டாரைக் கொண்டுவந்தார். வால்யூமைத் திருகினால் அரிசி வறுப்பதுபோல் சத்தம், நடுவில் ஓரிடத்தில் ஒலியே செத்துவிடுகிறது. பாட்டின் தகரமூடியைப் பிடித்திருந்த நான்கு காதுகளையும் நிமிர்த்தித் திறந்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் பசை. எண்ணெயில் ஒட்டிய தூசு, அதோடு தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூள். கார்பன் தடத்தில் வைப்பர் என்ற உலோக நாக்கு ஓடும் பாதை வளையமாக வெளுத்திருந்தது. இந்த மூன்று வருடத்தில் நான்கு தடவை டபிள்யூடி-40 அடித்தாராம். அந்தப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது சாலிடர் வைத்தேன். வேறு வழி இல்லை.

சரியான வழி ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஜாக், ஸ்விட்ச், வால்வு முள் போன்ற வெறும் உலோகத்துக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, டிஆக்ஸிட் டி5 வகைக் கிளீனரோ போதும். கார்பன் தடமுள்ள பாட்டுக்கும் ஃபேடருக்கும் மெல்லிய மசகு கலந்த, பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று டப்பாவில் எழுதியிருக்கிற வகை வேண்டும். வெறும் ஆல்கஹால் மட்டும் அடித்தால் மசகும் கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே இருக்கும் இடைவெளியில் ஸ்பிரேயின் குழாயை வைத்து ஒரே ஒரு நொடி அழுத்துங்கள். பிறகு இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இருபது, முப்பது முறை திருகுங்கள். கீழே துணி விரித்திருக்க வேண்டும். பழைய கிப்சன்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் கரைப்பான் பட்டால் பாலிஷ் போய்விடும். பிரேக் கிளீனரைக் கிட்டே கொண்டுவரவே கூடாது. பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வால்வு சாக்கெட்டுக்குள் பீய்ச்சாதீர்கள். பஞ்சுக்குச்சியில் நனைத்து, ஆறிய வால்வின் முள்ளைத் துடைத்துவிட்டு இரண்டு முறை செருகி எடுங்கள்.

கட்டுரையின் இன்னொரு பிழை, எல்லாக் கோளாறும் அழுக்குதான் என்ற எண்ணம். ஆம்ப்பில் சத்தம் திடீரென்று மங்கினால் அவர் வால்யூம் பாட்டைக் குளிப்பாட்டச் சொல்கிறார். முதலில் எஃபெக்ட்ஸ் லூப்பின் செண்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சிறிய கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பிவிட்டால் பெரும்பாலும் ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடர்பு களிம்பேறியிருக்கிறது என்று அர்த்தம். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

வால்வு ஆம்ப்பில் இன்னொன்றும் உண்டு. வால்யூமுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தால், டிசி மின்னழுத்தம் பாட்டுக்கு வந்துவிடும். திருகும்போதெல்லாம் கரகரக்கும். எத்தனை டப்பா அடித்தாலும் தீராது. கெபாசிட்டரைத்தான் மாற்ற வேண்டும். ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றிலும், அதைப் பின்பற்றி 1960களில் மார்ஷல் செய்த ஆரம்பகால ஜேடிஎம்45-லும் பிரசன்ஸ் பாட் வழியாக டிசி ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. அது புதிதிலும் கரகரக்கும். இது தெரியாமல் அடிக்கிற ஸ்பிரே வீண் மட்டுமில்லை, நல்ல பாட்டையும் கெடுக்கிறது.

இப்போது அந்தக் கொலைவரிக்கு வருகிறேன். "திரவம் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஆம்ப் ஓடும்போதே அடிக்கலாம்" என்கிறார். திரவம் கடத்தாமல் இருக்கலாம். கை கடத்தும். பெரும்பாலான வால்வு ஆம்ப்களில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பல ஸ்பிரேக்களில் திரவத்தைத் தள்ளும் வாயு புரொப்பேன், பியூட்டேன். நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பவையும் அவைதான். சூடான வால்வும் ஸ்விட்ச் பொறியும் இருக்கிற மூடிய பெட்டிக்குள் அதை நிரப்பச் சொல்வது என்ன அறிவுரை? கெபாசிட்டரை வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்க்கத் தெரியாதவர் ஆம்ப்பின் சேசிஸைத் திறக்கவே கூடாது. தெரிந்தவரும் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் அடிப்பார். திரவம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மறுபடி சுவிட்சைப் போடுவார்.

டபிள்யூடி-40 பற்றிய உங்கள் கருத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஒரு பாட் வீணானால் புதிது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஓடும் ஆம்ப்பில் அடிக்கச் சொன்ன அந்த வரியை அடுத்த இதழிலேயே, உங்கள் பெயரோடு, திரும்பப் பெறுங்கள். அதைப் படித்த பையன்கள் இந்நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.