குழிக்கு யார் ஜவாப்தாரி?

ரோட்டுக் குழியில் இறங்கி ஒரு காரின் ரிம் நெளிகிறது, ஸ்பிரிங் ஒடிகிறது. ரிப்பேர்ச் செலவை நகரசபை கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர் மனுப் போடுகிறார். அதைப் படித்ததும் ஆபீசில் சிரிப்பு எழுகிறது. "காருக்கு நஷ்டஈடா? நல்ல வேடிக்கை!" என்கிறார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு, "இது எங்கள் ரோடு இல்லை, நெடுஞ்சாலை இலாகா ரோடு" என்று கையை விரிக்கிறார்கள். நெடுஞ்சாலை இலாகாவோ, "குழாய் போடத் தோண்டியவர்கள் மூடவில்லை, அவர்களைக் கேளுங்கள்" என்கிறது. குழாய் போட்டவர்கள் மழையைக் காட்டுகிறார்கள். மழையின் மேல் யாரும் வழக்குப் போட முடியாதல்லவா? விவகாரம் அத்தோடு முடிந்தது!

அதிகாரிகள் சிரிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் உழைப்பாளி மக்களிலும் சிலர் சேர்ந்து சிரிக்கிறார்களே, அதுதான் நமக்குக் கவலை தருகிறது. "கார்க்காரன் பாடு கார்க்காரனோடு. நமக்கு என்ன வந்தது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்களோடுதான் நாம் இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவதாக, அந்தக் காரில் இருப்பவர் யார்? பங்களாவாசிகள் மட்டும்தானா? கடனுக்கு வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டும் டிரைவரும் கார்க்காரர்தான். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் இல்லை. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை!

இரண்டாவதாக, அதே குழியில் யார் யார் விழுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் சைக்கிளில் திரும்பும் ஆலைத் தொழிலாளி விழுகிறார். நடவுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் லோடு ஆட்டோ சாய்கிறது. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண் அந்தக் குழியில்தான் குலுங்குகிறாள். கார்க்காரருக்கு ஸ்பிரிங் முறிகிறது. சைக்கிள்காரருக்கு இடுப்பு முறிகிறது. முழு இன்ஷூரன்ஸ் எடுத்த காருக்குச் செலவில் ஒரு பகுதியாவது கம்பெனியிடமிருந்து கிடைக்கும். மொபெட் வைத்திருக்கும் தொழிலாளி எடுப்பது சட்டப்படி கட்டாயமான இன்ஷூரன்ஸ் மட்டுமே. அது அவரால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான். அவருடைய வண்டி நொறுங்கினால் அதிலிருந்து தம்பிடி கிடைக்காது. சைக்கிளுக்கு அதுவும் இல்லை. அப்படியானால் குழிக்குப் பொறுப்புக் கேட்கும் உரிமை யாருக்கு அதிகம் தேவை? காருக்கா, சைக்கிளுக்கா?

வேறொரு வண்டி மோதினால் அந்த வண்டிக்காரர் மீதும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதும் வழக்குப் போடலாம். குழியில் விழுந்தவருக்கு எதிரி யார்? எதிர் வண்டி இல்லை; சாட்சியும் பெரும்பாலும் இல்லை. பல இடங்களில், "வேகமாகவும் கவனமின்றியும் ஓட்டினான்" என்று விழுந்தவர் மீதே பழியைப் போட்டுக் காகிதத்தைக் கட்டி வைக்கிறார்கள். 2013 முதல் 2017 வரை ரோட்டுக் குழிகளால் இந்தியாவில் மாண்டவர்கள் 14,926 பேர். இது நாம் கட்டிய கணக்கல்ல. 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் பேசப்பட்ட கணக்கு. எல்லையில் சாகிறவர்களை விடக் குழியில் சாகிறவர்கள் அதிகமாக இருக்கலாம் என்று நீதிபதிகளே மனம் கசந்து சொன்னார்கள்.

குழி வானத்திலிருந்து விழுவதில்லை. ரோடு வேலைக்குப் போன நம் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடியில் ஜல்லியைச் சரியாகப் பரப்பி ரோலர் ஓட்டி இறுக்கியிருந்தால், தார் போதிய கனத்தில் இருந்தால், ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் இருந்தால், ஒரு மழைக்கு ரோடு கரையாது. தாரில் கீறல் விழுகிறது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அடிமண் ஊறிக் கெட்டுப் போகிறது. அதன்மேல் லாரிச் சக்கரம் ஏறி ஏறி மண்ணும் ஜல்லியும் பிதுங்கி வெளியே வருகின்றன. குழி பிறக்கிறது. கீறலிலேயே ஒரு சட்டித் தார் ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம்! ஜல்லியில் மிச்சம் பிடித்தவர் ஒருவர், அளந்து பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் பெயரும் விலாசமும் உண்டு. மழைக்குத்தான் இல்லை.

இந்த ரோட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார்? 1998-ல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 1 ரூபாய் என்று ரோட்டுக்காகத் தனி வரி போட்டார்கள். அடுத்த ஆண்டே டீசலுக்கும் வந்தது. 2000-ல் மத்திய ரோடு நிதிக்கென்று ஒரு சட்டமும் செய்தார்கள். டீசல் வரியை லாரி முதலாளி தன் மடியிலிருந்தா கட்டுகிறார்? அரிசி விலையில் ஏற்றுகிறார், துணி விலையில் ஏற்றுகிறார். காணி நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளியும் தன் ஒவ்வொரு கவளத்திலும் ரோட்டு வரி கட்டுகிறார். கார்க்காரர் கேட்பதைப் போலவே கேட்க அவருக்கும் உரிமை உண்டு.

"அதெல்லாம் சரி, சட்டத்தில் இடம் உண்டா?" என்பார்கள். சட்டம் யாருக்கு எப்போது இடம் கொடுத்தது என்ற கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் கோர்ட்டுகளின் சட்டம் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1555-ல் ஒரு சட்டம் செய்து, கிராமத்தார் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் ரோடு வேலை செய்ய வேண்டும் என்றார்கள். 1563-ல் அதை 6 நாள் ஆக்கினார்கள். அந்த வெட்டி வேலை 1835 வரை சட்டத்தில் இருந்தது. இப்படிக் கூலியில்லாமல் உழைத்துப் போட்ட ரோட்டில் நஷ்டம் வந்தால் என்ன ஆயிற்று? 1788-ல் டெவன் ஜில்லாவில் பழுதான பாலத்தில் ஒருவருடைய வண்டி சேதமாயிற்று. அவர் ஜில்லா மக்கள் மீது வழக்குப் போட்டார். நஷ்டஈடு கொடுக்கப் பொது நிதி இல்லை என்றது கோர்ட்டு. பொதுமக்களுக்குத் தொல்லை வருவதைவிட ஒரு தனி மனிதர் நஷ்டப்படுவதே மேல் என்றும் ஒரு நீதிபதி சொல்லிவிட்டார். ரோட்டைப் பழுது பார்க்காமல் விட்டதற்கு நஷ்டஈடு இல்லை என்ற நியாயம் அதன்பின் ஒன்றே முக்கால் நூற்றாண்டு அங்கே நிலைத்தது. 1961-ல்தான் பார்லிமெண்டு சட்டம் செய்து அதை ஒழித்தது. அது அமலுக்கு வந்தது 1964-ல்.

இன்று அந்த நாட்டில் 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி ரோட்டைப் பராமரிப்பது உள்ளூர் சபையின் கடமை. குழியில் கார் கெட்டால் சபைக்கு மனுப் போடுகிறார்கள். நியாயமான கவனம் எடுத்துக்கொண்டோம், இன்ன நாளில் பார்வையிட்டோம் என்று காட்டினால் சபை தப்பிக்கலாம். அந்த வழியில் அங்கேயும் நிறையப் பேருடைய மனுக்களைத் தள்ளுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது சபை. இங்கே என்ன நிலைமை? கார்ச் சேதத்துக்கு நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நகரசபை கவனமின்றி இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது விழுந்தவர்! பத்தாயிரம் ரூபாய் ரிப்பேருக்கு எத்தனை வாய்தா நடக்க முடியும்?

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். கல்கத்தாவில், கிதர்ப்பூர் கப்பல் பட்டறையின் சர்க்கார் வேலையாட்கள் கனமான இரும்புச் சாமானை ரோட்டின் குறுக்கே தூக்கிச் சென்றபோது அது கீழே விழுந்தது. அங்கே வந்த வண்டியின் குதிரை மிரண்டு காயம் பட்டது. குதிரை ஓர் ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் குதிரை. கம்பெனி 350 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 1861-ல் தீர்ப்பு வந்தது: சர்க்கார் பொறுப்பு! கம்பெனிக் குதிரையின் காயத்துக்கு 1861-லேயே சர்க்கார் ஜவாப் சொன்னது. சைக்கிளில் போகும் தொழிலாளியின் முழங்காலுக்கு இன்னும் மழைதான் ஜவாப் சொல்கிறது!

டில்லியில் சாந்தினி சௌக்கில் நகரசபையின் மணிக்கூண்டு 1950-ல் இடிந்து விழுந்து ஆட்கள் மாண்டார்கள். பழுது வெளியே தெரியவில்லை என்று நகரசபை வாதாடிப் பார்த்தது. 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. கட்டிடம் 80 வயதானது. காலாகாலத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியது சொந்தக்காரரான நகரசபையின் கடமை. நஷ்டஈடு கொடு என்றது. மணிக்கூண்டுக்குப் பொருந்துகிற நியாயம் ரோட்டுக்குப் பொருந்தாதா? உச்சியில் மறைந்திருந்த விரிசலையே பார்த்திருக்க வேண்டும் என்றால், நடுரோட்டில் வாய் பிளந்து கிடக்கும் குழியைப் பார்க்கவில்லை என்று சொல்ல யாருக்கு முகம் உண்டு?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரோடு தரம் கெட்டதால் சாவோ ஊனமோ நேர்ந்தால் இலாகாவுக்கும் காண்ட்ராக்டருக்கும் அபராதம். எவ்வளவு? 1 லட்சம் ரூபாய் வரை! அதுவும் விபத்து நிதிக்குப் போகும். விழுந்தவர் கைக்கு நேராக வராது. கை கால் போனால்தான் அந்தப் பிரிவே பேசும். வண்டி போனால் பேசாது.

இதைவிட ஒரு படி மேலே போனது பம்பாய் ஹைகோர்ட்டு. 2025 அக்டோபரில் அது ஓர் உத்தரவு போட்டது. குழியாலோ திறந்து கிடக்கும் சாக்கடை மூடியாலோ செத்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய். காயத்துக்கு அதன் தன்மையைப் பார்த்து 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை. அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரியிடமும் காண்ட்ராக்டரிடமும் வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது. இதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஆனால் அது மகாராஷ்டிரத்துக்குப் போட்ட உத்தரவு. உயிருக்கும் உடம்புக்கும் தொகை வைத்த அந்த உத்தரவு, பிழைப்புக்கு ஆதாரமான வண்டிக்கு ஒன்றும் வைக்கவில்லை.

இனி நம்மை நோக்கி வீசப்படும் பெரிய ஆயுதத்தைப் பார்ப்போம். "நகரசபையிடம் பணம் எது? கார்க்காரர்களுக்கு வாரிக் கொடுத்தால் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் என்ன செய்வது? துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது?" என்று உருகுகிறார்கள்.

துப்புரவுத் தொழிலாளியின் மேல் திடீரென்று பிறந்த இந்தப் பாசத்தை என்னென்பது! ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்கிறோம். பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரைத் தட்டிக் கொடுத்து அனுப்பினால், ஏழையின் வரி கார்ப் பட்டறைக்குப் போகும் என்பது உண்மைதான். அதை நாம் ஆதரிக்கவில்லை. காண்ட்ராக்டரின் டெபாசிட் சர்க்காரிடம் எதற்காக இருக்கிறது? போட்ட ரோடு இத்தனை காலம் கெடாது, கெட்டால் என் செலவில் சரி செய்வேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது எதற்காக? நஷ்டஈடு முதலில் அங்கிருந்து வரட்டும். அளக்காமல் பில் பாஸ் செய்தவரின் சம்பளத்திலிருந்து வரட்டும். ஒரு தடவை அப்படி வந்து பார்க்கட்டும். அடுத்த ரோட்டில் ஜல்லியின் கனம் தானாகக் கூடும்!

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

1. குழியால் நேரும் சேதத்துக்கு நஷ்டஈடு தர மாநிலத்தில் சட்டம் வேண்டும். காருக்கு உண்டென்றால் சைக்கிளுக்கும், மாட்டு வண்டிக்கும், நடந்து போகிறவருக்கும் உண்டு.

2. கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு ரோட்டுக்கு உடையவர்களுடையது.

3. எந்த இலாகா ரோடாக இருந்தாலும் மனு வாங்குவது ஓர் இடத்தில். மனுதாரரை வாசல் வாசலாக விரட்டக் கூடாது.

4. பணம் முதலில் காண்ட்ராக்டரிடமிருந்தும் பொறுப்பான அதிகாரியிடமிருந்தும் வசூலாக வேண்டும். தொழிலாளர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

5. ஒவ்வொரு ரோட்டின் ஓரத்திலும் போட்டவர் பெயர், செலவு, பொறுப்புக் காலம் முடியும் தேதி எழுதிய பலகை வேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழியைக் கண்ட அன்றே தேதி போட்டு எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு ஒருவர் அதில் விழுந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் தப்ப முடியாது. விபத்து நடந்தால் குழியைப் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ சைக்கிள் சக்கரமோ இருக்கட்டும். பட்டறைப் பில்லையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் அறிக்கையில் "குழி" என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரோடு போட்டது யார், எப்போது, எவ்வளவு செலவில் என்பதை 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், மலைசாதி மக்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஜில்லாக் கோர்ட்டிலேயே அதற்கான ஆபீஸ் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். அது தர்மம் அல்ல, உங்கள் பாத்தியதை.

கார்க்காரர் ஒருவர் தனியாக மனுவோடு போனால் ஆபீசில் சிரிக்கிறார்கள். காரோட்டியும், ஆட்டோத் தொழிலாளியும், ஆலைத் தொழிலாளியும், நடவுப் பெண்களும் ஒரே ரோட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒன்றாகப் போய் நின்றால் எவர் சிரிப்பார்? ரோடு நம் உழைப்பில் போட்டது, நம் வரியில் போட்டது. அதில் விழுந்த குழிக்குக் கணக்குக் கேட்போம்!