நிற்கத் தெரியாதவன் பறக்கலாமா?

ரிமோட் ஹெலிகாப்டர் விற்பவர்கள் இப்போது ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "ஹோவரிங் எல்லாம் பழக வேண்டாம் சார், பட்டனை அழுத்தினால் தானாகவே நிற்கும்." இதை நம்பிப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் ஆகிவிட்டார்கள். எல்லாரும் என் வயதுக்காரர்கள், என்னைப் போல் பென்ஷன்காரர்கள். அவர்களோடு நடைப்பயிற்சியின்போது வாதாடித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே எழுத்தில் போடுகிறேன். ஆயுள் முழுக்க ஃபைலில் குறிப்பு எழுதிய கை. வாயைவிட அதற்கு வலு அதிகம்.

ஹோவரிங் என்பது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. பிரெஞ்சில் 'வோல் ஸ்தாசியோனேர்' என்பார்கள். நின்றபடி பறத்தல். பெயரில் 'நின்றபடி' இருக்கிறதே தவிர, அந்த ஆறு நிமிஷமும் நம் இரண்டு கட்டை விரல்களும் ஒரு கணம் ஓய்வதில்லை. ஏறி இறங்க ஒன்று, வாலைத் திருப்ப ஒன்று, முன் பின் சாய்க்க ஒன்று, இட வலம் சாய்க்க ஒன்று என நான்கு கட்டுப்பாடுகள். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் கலையும். பாகூர் ஏரிப் பக்கம் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். தலை ஆணி அடித்த மாதிரி நிற்கும்; சிறகும் வாலும் பாடுபடும். அதுதான் ஹோவரிங்.

இனி அந்தப் பட்டனுக்கு வருகிறேன். உள்ளே கைரோ என்ற சின்னக் கருவி இருக்கிறது. யந்திரம் சாய்ந்தால் உணர்ந்து மட்டமாக்கும். எனக்குக் கைரோவோடு பகை இல்லை. வாலைப் பிடித்து வைக்க அது வேண்டும். அது இல்லாத காலத்தில் பழகியவர்கள் பட்ட பாட்டைப் படித்திருக்கிறேன். ஆனால் மட்டமாக இருப்பதும் ஒரே இடத்தில் நிற்பதும் ஒன்றல்ல. கடைக்காரர் இரண்டையும் கலந்துகட்டி விற்கிறார்.

விளக்குகிறேன். பெரும்பாலான மாதிரி ஹெலிகாப்டர்களில் மேல் விசிறி கடிகார முள் போல வலமாகச் சுழல்கிறது. அதற்கு எதிராக உடல் இடமாகச் சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் தடுப்பது வால் விசிறி. அது தடுப்பதோடு நிற்பதில்லை, யந்திரம் மொத்தத்தையும் மெல்ல இடப்பக்கம் தள்ளவும் செய்கிறது. ஆகவே ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் ஹெலிகாப்டர் வலப்பக்கம் ஒரு சிறிது சாய்ந்தே இருக்க வேண்டும். பட்டன் அதைத் துல்லியமாக மட்டமாக்குகிறது. அது இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. சரிக்கட்டி அமைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சரி, காற்று? நம் ஊரில் வெயில் ஏற ஏறக் கடல் காற்று கிளம்பும். மட்டமாக இருக்கும் யந்திரத்தை அது மட்டமாகவே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு மாடியில் சேர்க்கும்.

1907ஆம் வருஷம் பிரான்சில் துவே நகரத்தில் பிரேகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேயும் சேர்ந்து கட்டிய யந்திரம் ஆளோடு தரையை விட்டு எழும்பியது. ஆனால் நாலு பக்கமும் நாலு ஆட்கள் கழியால் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதைப் பறந்ததாகச் சரித்திரக்காரர்கள் முழு மனதோடு ஒப்புக்கொள்வதில்லை. எத்தியேன் ஏமிஷேன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1924 மே 4ஆம் தேதி ஒரு கிலோமீட்டர் வட்டமாகப் பறந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தார். ஏழு நிமிஷம் நாற்பது வினாடி. எழும்புவதற்கும் கட்டுக்குள் நிற்பதற்கும் நடுவே பதினேழு வருஷம். இந்தப் பட்டன் அந்த நாலு ஆட்கள்தான். கழியை விட்டதும் என்ன ஆகும் என்பதே கேள்வி.

விட்டால் என்ன, பொம்மைதானே என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 450 என்று சொல்லும் நடுத்தர அளவு ஹெலிகாப்டரில் விசிறியின் ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 2800 சுற்று என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: பிளேடின் நுனி மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதுவும் கார்பன் ஃபைபர். 2013 செப்டம்பரில் நியூயார்க் புரூக்ளினில் ஒரு பூங்காவில் 19 வயதுப் பையன் தன்னுடைய ஹெலிகாப்டரே தலையில் அடித்து இறந்துபோனான். அது இதைவிடப் பெரிய யந்திரம். அவன் கற்றுக்குட்டியும் அல்ல, கைதேர்ந்தவன். தேர்ந்தவனுக்கே அந்த கதி என்றால், நேற்று பெட்டியைப் பிரித்தவனை மொட்டை மாடியில் விடலாமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். நமது டிரோன் விதிகள்படி 2 கிலோ வரை, வியாபாரமல்லாத உபயோகத்துக்கு பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. விதியில் தவறில்லை, பொழுதுபோக்குக்காரனைக் கச்சேரிக்கு அலையவிட வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அதன் அர்த்தம், பையனுக்கு நிற்கத் தெரியுமா என்று கேட்க வேண்டியவர் பணம் கொடுத்த தாத்தாதான் என்பது. எங்கே பறக்கலாம் என்பதற்கு விதி உண்டு, அது வேறு. லாஸ்பேட்டை விமான நிலையத்துப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

பழகுவது எப்படி? அறுவடை முடிந்த வயல், விடிந்ததும் ஆறு மணி, காற்று இல்லாத நேரம். சக்கரத்துக்குப் பதில் குறுக்கே இரண்டு குச்சி கட்டி நுனியில் நாலு பந்து மாட்டுங்கள், சாய்ந்து விழாது. வீட்டிலிருந்து கொஞ்சம் கோலமாவு கொண்டுபோய் ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். வால் உங்களைப் பார்க்க, ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்து எழுப்புங்கள். வாலைப் பார்க்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். பயத்தில் எல்லாரும் முழங்கால் உயரத்திலேயே வைத்திருப்பார்கள். அங்கேதான் கஷ்டம். விசிறி தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி யந்திரத்தைக் குலுக்கும். கண் மட்டத்துக்கு ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். நகர்ந்த பிறகு திருத்துகிறவன் எப்போதும் தாமதக்காரன். விசிறித் தட்டு சாயும்போதே திருத்த வேண்டும், அதுவும் துளித் துளியாக. சதுரத்துக்குள் ஒரு பேட்டரி முழுக்க நின்றால்தான் அடுத்த பாடம்.

அடுத்தது 45 டிகிரி திருப்பி நிறுத்துவது, பிறகு பக்கவாட்டில், இடமும் வலமும். பலர் தங்களுக்கு வசதியான ஒரு பக்கத்தை மட்டும் பழகிவிட்டு ஓடிவிடுகிறார்கள். கடைசியில் மூக்கு நம்மைப் பார்க்க நிறுத்துவது. இங்கே இடம் வலமாகும், வலம் இடமாகும்; கண்ணாடி பார்த்து எழுதுகிற மாதிரி. எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, இது ஒன்றுதான் வழி. இதற்கு எனக்கு நாலு மாதம் பிடித்தது. எழுபது தாண்டிய விரல்கள் என்பதால் கூடுதலாக இருக்கலாம். இந்த ஒரு நிலை வராதவன் தூரமாக ஓட்டினால், அது திரும்பி அவனை நோக்கி வரும்போது கை தப்பாகத்தான் போகும். விபத்து நடப்பது அங்கேதான்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் எழுத்துக்கு முன் 'பாத்தோன்' போடச் சொல்வார்கள். கோடு, வெறும் கோடு, பக்கம் பக்கமாகக் கோடு. ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை, இது சுவாரசியமாக இருக்கிறதா என்று. இப்போது எல்லாவற்றிலும் சுவாரசியம் கேட்கிறார்கள், விற்கிறவர்களும் கொடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சிமுலேட்டரை நான் எதிர்க்கவில்லை. அதில் விழுந்தால் ஒரு பட்டனில் எழுந்துவிடலாம். வயலில் விழுந்தால் பிளேடு, ஷாஃப்ட், வால் குழாய் எல்லாம் புதிதாக வேண்டும். முதல் இருபது மணி நேரத்தை அதிலேயே கழியுங்கள். செயற்கைக்கோள் பார்த்து நிற்கும் நாலு விசிறி டிரோன்காரர்கள் தங்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்பார்கள். சிக்னல் அறுந்தால் அதுவும் மட்டமாக மட்டும் நின்று காற்றோடு போகும். அப்போது கட்டுப்பாட்டைக் கையில் வாங்க வேண்டியவனுக்குக் கை பழகியிருக்கிறதா?

விற்பவர்கள் பெட்டிக்குள் ஒரு சீட்டு போட வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில். வால் பார்த்து, இரண்டு பக்கம் பார்த்து, மூக்கு பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி நிறுத்திய பிறகே நகர்த்தவும். அதுவரை பத்து மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. அந்தச் சீட்டு போடாத கடையில் என் நண்பர்கள் பேரனுக்கு எதையும் வாங்க வேண்டாம். கேரம் போர்டு வாங்கிக் கொடுங்கள்.